பி.யு.வி. குழந்தையின் சிறுநீரகச் செயலிழப்பை முன்கூட்டிக் கணிப்பது எப்படி?

பி.யு.வி. (Posterior Urethral Valves, பின்புறவழி வால்வுகள்) என்பது ஆண் சிசுக்களுக்கு மட்டுமே வரும் பிறவிக் குறைபாடு. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் புறவழியின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்புகள் உருவாகி, வால்வைப் போல விரிந்து நின்று, சிறுநீரை மறித்துவிடுகின்றன. ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. அந்த மடிப்பை எண்டோஸ்கோப் வழியாக வெட்டி நீக்குவது இன்று பெரிய அறுவை சிகிச்சை அல்ல. ஆனால் அடைப்பு நீங்கிய பிறகும், இக்குழந்தைகளில் சுமார் 15 முதல் 30 விழுக்காட்டினர் குழந்தைப் பருவத்திலோ வாலிபத்திலோ டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலையை அடைகிறார்கள். அவர்கள் யார், எந்தக் கட்டத்தில் அதை ஓரளவு உறுதியுடன் சொல்ல முடியும், எந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. மாவட்ட அளவில் பணியாற்றும் குழந்தை மருத்துவர்களையும், கையில் பரிசோதனைக் கோப்புடன் நிற்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கணிப்பில் இறங்குமுன், சிறுநீரகம் இரண்டு தனித்தனிக் காரணங்களால் பழுதாகிறது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கருப்பையிலேயே நிகழ்ந்துவிட்ட சேதம். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரான்கள் கர்ப்பத்தின் சுமார் 36 ஆவது வாரத்துடன் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதன் பின் புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. ஆகவே அந்த வாரங்களில் அழுத்தத்தாலும் முறையற்ற திசு வளர்ச்சியாலும் இழந்ததை, பிறந்த பின் செய்யும் எந்தச் சிகிச்சையாலும் மீட்க இயலாது. இரண்டாவது, பிறந்த பிறகு சேரும் சேதம்: திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, தடித்து இறுகிய சிறுநீர்ப்பையின் உள் அழுத்தம், கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை இதில் அடங்கும். முதல் வகையை அளந்துவிடலாம். இரண்டாவதை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத்தான் முடியும். முதல் வாரத்திலேயே உறுதியான தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

பிறப்புக்கு முன்

18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கப்படும் உறுப்புக் குறைபாட்டு ஸ்கேனில், விரிந்த சிறுநீர்ப்பையும் அதன் கீழே விரிந்த புறவழியும் சேர்ந்து சாவித் துவாரம் போன்ற தோற்றம் தரும். சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கும். இரு சிறுநீரகங்களும் வீங்கியிருக்கும். இந்தியாவில் கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவதை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்வதால், ஆண் குழந்தைகளுக்கே உரிய இந்த நோயின் பெயரை அறிக்கையில் எழுத முடியாமல், 'கீழ்ச் சிறுநீர்ப்பாதை அடைப்பு' என்ற பொதுப் பெயரை எழுதுவதே வழக்கம். அறிக்கையில் நோயின் பெயர் தெளிவாக இல்லையே என்று பெற்றோர் ஐயுற வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் கணிப்புக்கு உதவுபவை மூன்று. அடைப்பு எந்த வாரத்தில் தெரியவந்தது என்பது ஒன்று. 24 வாரத்துக்கு முன்பே கண்டறியப்பட்ட குழந்தைகளின் சிறுநீரகங்கள் பொதுவாக மோசமான நிலையில் இருக்கின்றன. பனிக்குட நீரின் அளவு மற்றொன்று. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து பனிக்குட நீரின் பெரும்பங்கு கருவின் சிறுநீரே என்பதால், அந்த நீர் குறைந்தால் சிறுநீரகம் போதிய சிறுநீரைத் தயாரிக்கவில்லை அல்லது அது வெளிவரவில்லை என்று பொருள். நீர் மிகவும் குறைந்தால் நுரையீரலும் வளராது. பிறந்த சில மணி நேரங்களில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த நுரையீரல் குறைவே. மூன்றாவது, ஸ்கேனில் சிறுநீரகத் திசு தோன்றும் விதம்: இயல்புக்கு மிஞ்சி வெளிறித் தெரிவதும், சிறுநீரகத்தின் வெளியடுக்கான புறணியில் சிறுசிறு நீர்க்கட்டிகள் இருப்பதும் திசு முறையாக உருவாகவில்லை என்பதற்கு வலுவான அடையாளங்கள். வீக்கத்தின் அளவை இவற்றோடு சமமாக வைக்கக் கூடாது. மிகப் பெரிதாக வீங்கிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்வதும், சிறிதளவே வீங்கிய சிறுநீரகம் வெறும் நார்த்திசுவாக இருப்பதும் உண்டு.

சிறப்பு மையங்களில் கருவின் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசிவழி சிறுநீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள். நலமான கருவின் சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் சிறுநீர் நீர்த்திருக்கும். லிட்டருக்கு 100 மில்லிமோலுக்கு மேல் சோடியம், 90 க்கு மேல் குளோரைடு, கிலோகிராமுக்கு 210 மில்லியாஸ்மோலுக்கு மேல் சவ்வூடு செறிவு, லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம் ஆகியவை காணப்பட்டால் அந்த உறிஞ்சும் திறன் போய்விட்டது என்று கொள்வார்கள். முதன்முறை எடுப்பது பல நாள்களாகத் தேங்கிக் கிடந்த சிறுநீர். ஓரிரு நாள் இடைவெளியில் மீண்டும் எடுத்தால்தான் சிறுநீரகம் அன்றைக்கு என்ன செய்கிறது என்பது தெரியும். எனவே ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்டக் கூடாது. பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2013 இல் கருவின் சிறுநீரிலுள்ள 12 பெப்டைடுகளின் (சிறு புரதத் துண்டுகளின்) தொகுப்பைக் கொண்டு பிற்காலச் சிறுநீரகச் செயலைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். இத்துறையில் நம்பிக்கையூட்டும் பணி அது. ஆனால் நம் ஊர்ச் சோதனைக்கூடங்களில் கேட்டுப் பெறக்கூடிய பரிசோதனை அல்ல.

கருவிலேயே குழாய் பொருத்திச் சிறுநீரை வடித்தால் சிறுநீரகம் பிழைக்குமா என்ற கேள்வியைப் பெற்றோர் தவறாமல் கேட்பார்கள். பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்து 2013 இல் வெளியான 'ப்ளூட்டோ' ஆய்வு இதைச் சோதிக்க முயன்றது. 150 தாய்மாரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 31 பேருடனேயே அது நின்றுபோனது. குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடுவது போலத் தெரிந்தது. ஆனால் இரண்டு வயதில் இயல்பான சிறுநீரகச் செயலுடன் இருந்த குழந்தைகள் இரண்டே பேர். கருவில் செய்யும் சிகிச்சை உயிரைக் காக்கலாம், சிறுநீரகத்தைக் காக்கும் என்ற உறுதியை அதிலிருந்து பெற முடியாது.

பிறந்த முதல் நாள்கள்: எண்களை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்

கிரியாட்டினின் என்பது தசையில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள். குழந்தை பிறந்த அன்று இரத்தத்தில் காணும் கிரியாட்டினின் பெரும்பாலும் தாயினுடையது. நஞ்சுக்கொடி வழியாகத் தாய், குழந்தை இருவரின் அளவும் சமநிலையில் இருந்தவை. ஆகவே முதல் 48 மணி நேரத்து அளவு குழந்தையின் சிறுநீரகத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அளவு இறங்குகிறதா, நிற்கிறதா, ஏறுகிறதா என்ற போக்கைப் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையில் முதல் சில நாள்கள் அது சற்று ஏறிப் பிறகே இறங்கும் என்பதால், அங்கு பொறுமை இன்னும் கூடுதலாகத் தேவை.

இதற்கிடையில் சிறுநீர்ப்பையை வடிக்க மெல்லிய குழாய் போடப்படும். பலூன் உள்ள கதீட்டரைவிட 5 அல்லது 6 'பிரெஞ்சு' (குழாயின் பருமனைக் குறிக்கும் அலகு) அளவுள்ள, சிசுக்களுக்கு உணவூட்டப் பயன்படும் சாதாரணக் குழாயையே பலரும் விரும்புகிறார்கள். தடித்த சிறிய சிறுநீர்ப்பையில் பலூன் எரிச்சலை உண்டாக்கி, சுவர் இறுகி, மேலிருந்து வரும் சிறுநீர் நாளங்களையே அடைத்துவிடக் கூடும். அப்படி அடைத்தால் கிரியாட்டினின் இறங்காது. சிறுநீரகமே கெட்டுவிட்டது என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும். வடிகால் போட்ட பின் சிறுநீர் பெருக்கெடுத்து நீரும் உப்பும் வீணாவதால் உண்டாகும் நீரிழப்பும், கிருமித் தொற்றும் இதே போல எண்ணை உயர்த்திக் காட்டும். ஆகவே ஒவ்வொரு கிரியாட்டினின் அளவுக்கும் பக்கத்தில், அன்றைய எடை, சிறுநீர் அளவு, சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், காய்ச்சல் உண்டா இல்லையா என்பவற்றைக் குறித்து வைப்பது நல்லது. குறிப்பில்லாத எண் பின்னால் பயன்படாது.

சோதனைக்கூட அறிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. கிரியாட்டினினுக்கு நேரே 'இயல்பு அளவு 0.6 முதல் 1.2' என்று அச்சிட்டிருப்பார்கள், அது பெரியவர்களுக்கானது. ஒரு மாதம் கடந்த நலமான சிசுவின் அளவு டெசிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம்தான். ஆறு மாதக் குழந்தைக்கு 0.8 என்று வந்தால் அறிக்கையில் அது இயல்பாகவே தெரியும், தடித்த எழுத்தில்கூட வராது. உண்மையில் அந்தக் குழந்தை தன் சிறுநீரகத் திறனில் பெரும்பகுதியை இழந்திருக்கிறது. பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலை பழைய யாஃபே முறையில் அளக்கும் அளவைக் குழப்பும் என்பதால், கூடுமானவரை நொதி முறையில், ஒரே சோதனைக்கூடத்தில் அளப்பது முக்கியம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் தமிழர்களின் அறிக்கை மைக்ரோமோலில் இருக்கும், அதை 88.4 ஆல் வகுத்தால் மில்லிகிராம் கிடைக்கும்.

முதலாண்டின் மிகக் குறைந்த கிரியாட்டினின்

இத்துறையில் பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டு நின்று நிலைத்த ஒரே எண்ணைச் சொல்லச் சொன்னால், அடைப்பு நீங்கிய பின் முதல் ஓராண்டுக்குள் கிரியாட்டினின் எவ்வளவு தாழ்ந்தது என்பதையே சொல்வேன். அந்தத் தாழ்வு, சிறுநீரகத்தின் உச்சத் திறன் என்ன என்பதைக் காட்டுகிறது. பிறந்தபோது 3 இருந்து பின்னர் 0.4 ஆக இறங்கிய குழந்தையும், பிறந்தபோது 1.5 இருந்து 1.1 க்குக் கீழே இறங்காத குழந்தையும் ஒரே வார்டில் இருந்தால், உறவினர்கள் முதல் குழந்தைக்காகவே அதிகம் கலங்குவார்கள். கலங்க வேண்டியது இரண்டாவது குழந்தைக்காக.

பொதுவாகக் கையாளப்படும் எல்லைகள் இவை. மிகக் குறைந்த அளவு 0.4 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து மிகக் குறைவு. 1.0 ஐத் தாண்டி நின்றுவிட்டால் ஆபத்து மிக அதிகம். அக்குழந்தைக்கு என்றாவது மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கும் என்ற எண்ணத்துடனேயே திட்டமிட வேண்டும். 0.8 க்குக் கீழ் என்பதைப் பழைய ஆய்வுகள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டன, ஆனால் 0.4 க்கும் 1.0 க்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதும் உண்மையில் நிச்சயமற்ற பரப்பே, அங்கேதான் பிற தகவல்களின் துணை தேவைப்படுகிறது.

இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது சில நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். தொற்று, நீரிழப்பு இல்லாத நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும்; சிறுநீர்ப்பை தடையின்றி வடிந்துகொண்டிருக்க வேண்டும்; மெலிந்து வாடிய குழந்தையில் தசை குறைவதாலேயே கிரியாட்டினின் தாழ்ந்து காணும் என்பதால், எடை ஏறாத குழந்தையின் 'நல்ல' எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். அத்தகைய குழந்தைக்கு, தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை உதவும்.

ஓராண்டு நிறைந்ததும், உயரத்தைச் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடலாம். 2009 இல் திருத்தப்பட்ட ஷ்வார்ட்ஸ் சூத்திரப்படி, சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 0.413 ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்குக் கிரியாட்டினின் 0.4 என்றால் விடை சுமார் 77; அதே உயரத்தில் 0.9 என்றால் சுமார் 34. பெரியவர்களின் அளவுகோலில் சிறு வித்தியாசமாகத் தோன்றும் அந்த அரை மில்லிகிராம், இங்கே திறனைப் பாதி அளவுக்கும் கீழே தள்ளிவிடுகிறது. ஒரு வயதுக்கு முன் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது.

ஸ்கேன்கள் எதைச் சேர்க்கின்றன

பிறந்த பின் எடுக்கும் அல்ட்ராசவுண்டில் புறணிக்கும் உட்பகுதிக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல சகுனம். இரண்டும் கலங்கித் தெரிந்து, திசு வெளிறி, நீர்க்கட்டிகளும் இருந்தால் இடைப்பரப்பில் உள்ள குழந்தையை ஆபத்துப் பக்கம் நகர்த்த வேண்டும். வீங்கிய உட்குழியைக் கழித்துவிட்டு எஞ்சும் திசுப் பரப்பை இரு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து அளப்பதும் கணிப்புக்குத் துணைசெய்கிறது.

கதிரியக்க மருந்தைச் செலுத்திச் சிறுநீரகத் திசுவைப் படமெடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனைப் படிப்பதில் ஒரு பிழை அடிக்கடி நிகழ்கிறது. வலது 50 விழுக்காடு, இடது 50 விழுக்காடு என்ற அறிக்கையைப் பார்த்து, இரண்டும் நலம் என்று நிம்மதியடைகிறார்கள். அந்த எண் இரு சிறுநீரகங்களும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மட்டுமே காட்டும்; மொத்த வேலை எவ்வளவு என்பதைக் காட்டாது. இரண்டும் சமமாகப் பழுதானாலும் விடை 50-க்கு 50 தான். பச்சிளம் சிறுநீரகம் முதிராததால், முதல் மாதம் கழியும் வரை இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடுவது நல்லது.

சிறுநீர்ப்பையில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயில், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குச் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் செல்வது தெரியும். ஒரு பக்கம் மட்டும் கடுமையாகத் திரும்பி, அந்தச் சிறுநீரகம் செயலற்றுப் போனால், அழுத்தம் முழுவதையும் அது வாங்கிக்கொண்டு மறுபக்கத்தைக் காப்பாற்றிவிட்டது என்று 1980-களில் நம்பினார்கள். நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்திவிட்டன. அதை ஆறுதலாகப் பெற்றோரிடம் சொல்வதை நான் தவிர்ப்பேன்.

சிறுநீர்ப்பை கணக்கை மாற்றும்

ஒரு வயதில் நல்ல எண் பெற்ற குழந்தை பத்து வயதில் பின்தங்குவதற்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பையே காரணம். பழுதான சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாததால் அளவுக்கு மீறிச் சிறுநீர் சுரக்கிறது. விறைத்த சிறுநீர்ப்பை அதை முழுமையாக வெளியேற்றுவதில்லை. எப்போதும் நிரம்பியே இருக்கும் பையின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தை மெல்ல நசுக்குகிறது. ஆகவே வால்வை வெட்டிய மூன்று மாதங்களுக்குள், மிச்ச மடிப்பு இருக்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வருகையிலும், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளக்க வேண்டும். ஐந்து வயதைத் தாண்டியும் பகலில் உடை நனைவது, தாரை மெலிவது, இரவில் பலமுறை எழுந்து தண்ணீர் குடிப்பது ஆகியவற்றைப் பிள்ளையின் குறும்பாகவோ சோம்பலாகவோ எண்ணிக் கண்டிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுடன் வரும் சிறுநீர்த் தொற்றின் எண்ணிக்கையும் கணிப்பில் ஏறும். 2022 இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தடுப்பு மருந்து மட்டும் பெற்ற பி.யு.வி. குழந்தைகளில் சுமார் 20 விழுக்காட்டினருக்கும், தடுப்பு மருந்துடன் முன்தோல் நீக்கமும் பெற்றவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கும் இத்தகைய தொற்று வந்தது. முன்தோல் நீக்கம் வழக்கமில்லாத குடும்பங்களில் இந்தப் பேச்சு தயக்கத்தை உண்டாக்கும். எண்களை முன்வைத்து நேராகப் பேசுவதே சரி.

சிறுநீரில் புரதம் கசியத் தொடங்குவது, கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல காலம் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை. புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் இரண்டு வயதுக்கு மேல் 0.2 க்குக் கீழ் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு முன் 0.5 வரை இயல்பு. இரத்த அழுத்தத்தைக் குழந்தையின் கைக்கேற்ற பட்டையால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளில் அழுத்தத்தை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் செயலிழப்பு தள்ளிப்போகும் என்பதை 2009 இல் வெளியான 'எஸ்கேப்' ஆய்வு காட்டியது.

சேர்த்துப் பார்ப்பது

டொராண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022 இல் இயந்திரக் கற்றல் முறையில் ஒரு கணிப்புக் கருவியை வெளியிட்டார்கள். முதலாண்டின் மிகக் குறைந்த கிரியாட்டினின், தொடக்க வடிகட்டும் திறன், சிறுநீர் திரும்பும் தரம், திசுக் குறைவளர்ச்சி ஆகியவற்றை உள்ளிட்டால், சிறுநீரக நோய் முற்றுவது, டயாலிசிஸ் தேவைப்படுவது, குழாய் வழியே சிறுநீரை எடுக்க வேண்டியிருப்பது ஆகியவற்றின் வாய்ப்பைக் காலவரிசையில் அது தருகிறது. மேலே சொன்ன எண்களே அங்கும் உள்ளே போகின்றன என்பதைக் கவனிக்கலாம். வேறொரு நாட்டின் ஒரு மையத்துக் குழந்தைகளைக் கொண்டு கற்ற கருவி என்பதால், தாமதமாக மருத்துவமனைக்கு வரும் நம் குழந்தைகளுக்கு அதன் விழுக்காட்டை அப்படியே சொல்லிவிடக் கூடாது. யாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், யாரை ஆண்டுக்கு ஒருமுறையும் அழைப்பது என்று பிரிக்க அது போதும்.

கணிப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய இரண்டு பருவங்கள் உண்டு: முதலாண்டின் முடிவு, பிறகு பூப்புப் பருவம். உடல் திடீரென வளரும்போது குறைந்த எண்ணிக்கையிலுள்ள நெஃப்ரான்களால் ஈடுகொடுக்க முடியாமல், அதுவரை நிலையாக இருந்த கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். பன்னிரண்டு வயதில் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று வருகையை நிறுத்துகிற குடும்பங்களை அந்த வயதில்தான் அதிகம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆபத்துப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணிப்பால் கிடைக்கும் பயன், வேலைகளை முன்கூட்டியே தொடங்க முடிவதுதான். ஹெப்பாட்டிட்டிஸ்-பி உள்ளிட்ட தடுப்பூசிகளை முடித்துவிடலாம். பிற்காலத்து மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், தவிர்க்கக்கூடிய இரத்தமேற்றலைத் தவிர்க்கலாம். டயாலிசிஸுக்குப் பின்னர் தேவைப்படும் முன்கை இரத்த நாளங்களில் ஊசி குத்தாமல், புறங்கையிலேயே இரத்தம் எடுக்கச் சொல்லிக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் நாளுக்கு முன்பே சிறுநீர்ப்பையின் கொள்ளளவையும் அழுத்தத்தையும் யூரோடைனமிக் பரிசோதனையில் அளந்து, தேவையெனில் குழாய் வழியே சிறுநீர் எடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கும் தாய்க்கும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த அதே சிறுநீர்ப்பை, சரிசெய்யப்படாவிட்டால் புதியதையும் கெடுத்துவிடும்.